பழைய பிக்கப் எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பதும் டைமிங் செயின் மாற்றுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்வது டைமிங் செயின் (கிராங்கையும் கேம்ஷாஃப்டையும் இணைத்து ஓட்டும் செயின்) உள்ள பெட்ரோல் பிக்கப் எஞ்சின்களுக்கு, குறிப்பாக ஹெட்டின் மேலேயே கேம்ஷாஃப்ட் இருக்கும் வி6, வி8 எஞ்சின்களுக்கு. பெரிய டீசல் லாரிகளில் பெரும்பாலும் செயினுக்குப் பதில் டைமிங் கியர்தான் இருக்கும். பிளாக், கிராங்க், பிஸ்டன் பற்றிய பகுதிகள் அவற்றுக்கும் பொருந்தும், அளவுகள் மட்டும் மாறும். கொடுத்திருக்கும் எண்கள் எல்லாம் பொது வரம்புகள். உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மேனுவல் கையில் இல்லாமல் முதல் போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.

செயினை மட்டும் மாற்றினால் போதுமா, எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டுமா?

ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். முதலில் கம்ப்ரஷன் சோதனை. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றியிருக்க வேண்டும், த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், ஃபியூயல் பம்ப் ஃபியூஸையும் காயில் இணைப்புகளையும் எடுத்திருக்க வேண்டும். எல்லா சிலிண்டருக்கும் ஒரே அளவு நேரம் கிராங்க் செய்து அழுத்தத்தை எழுதிக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த சிலிண்டர், மிக அதிகமான சிலிண்டரின் அளவில் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அங்கே கோளாறு இருக்கிறது. அந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்துளை) தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

அடுத்தது லீக் டவுன் சோதனை. பிஸ்டன் மேல்முனையில், இரண்டு பக்க வால்வுகளும் மூடிய நிலையில் 100 பி.எஸ்.ஐ. காற்று கொடுத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது இது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல நிலை, 20ஐத் தாண்டினால் பிரிப்பதைத் தவிர வழியில்லை. காற்று எங்கே வெளியேறுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். த்ராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல்.

வி எஞ்சினில் ஒரு பக்கத்து சிலிண்டர்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தால், ரிங்கைக் குறை சொல்லும் முன் அந்தப் பக்கத்து செயின் பல் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். டைமிங் தவறினாலே கம்ப்ரஷன் விழும்.

மூன்றாவதாக, சூடான எஞ்சினில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி ஆயில் பிரஷரைப் பாருங்கள். 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய கைக்கணக்கு. மூன்றிலும் தேறிய எஞ்சினுக்கு செயின் வேலையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆயில் பிரஷர் தேறாத எஞ்சினில் புதிய செயின் போடுவது பணத்தை வீணாக்குவது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது.

செயின் தேய்ந்திருப்பதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இரவெல்லாம் நின்ற எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கத்தில் இரண்டு மூன்று நொடி கடகடவென்று சத்தம் வந்து அடங்குவதுதான் முதல் அறிகுறி. டென்ஷனருக்குள் ஆயில் ஏறும்வரை செயின் தளர்ந்து கைடில் (செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் தாங்கியில்) அடிக்கிறது. சூடான பிறகு ஐட்லிங்கிலும் அந்தச் சத்தம் நீடித்தால் கைடு உடைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்கேனரில் பி0016 முதல் பி0019 வரையான கோடுகள் வந்தால் கிராங்க் நிலையும் கேம் நிலையும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். 16, 17 இரண்டும் முதல் பேங்க் (ஒரு பக்கத்து சிலிண்டர் வரிசை), 18, 19 இரண்டும் இரண்டாவது பேங்க். கோடு வந்தவுடன் சென்சரை மாற்றுவது பலர் செய்யும் வேலை. சென்சர் பழுதானால் பெரும்பாலும் சிக்னலே இல்லை என்ற வேறு கோடு வரும். ஆயில் சம்பைக் கழற்ற முடிந்தால் கழற்றிப் பாருங்கள். பழுப்பு அல்லது கறுப்பு பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தால் அவை கைடின் துண்டுகள். அவற்றில் ஒன்றாவது ஆயில் பம்பின் உறிஞ்சு வலையில் ஒட்டியிருக்கும்.

உருக்குச் செயின் எப்படி நீளும்?

தகடுகள் இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் பின்னும் அதைச் சுற்றியுள்ள துளையும் தேய்கின்றன. ஓர் இணைப்பில் 0.02 மி.மீ. தேய்மானம் கண்ணுக்கே தெரியாது. 150 இணைப்புள்ள செயினில் அது 3 மி.மீ. ஆகிவிடும். டைமிங்கைக் கெடுப்பது அதில் ஒரு பகுதிதான்: கிராங்க் இழுக்கிற, இறுக்கமான பக்கத்தின் நீளம். அந்தப் பக்கத்தில் 50 இணைப்பு இருந்தால் 1 மி.மீ. கூடுகிறது. 8 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த பின்களின் இடைவெளி) உள்ள செயின், 40 பல் கேம் ஸ்பிராக்கெட் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் என்பது கேமில் 9 டிகிரி, கிராங்கில் 18 டிகிரி. 1 மி.மீ. என்பது கிராங்கில் சுமார் 2¼ டிகிரி தாமதம். பல் தாண்டாமலேயே இழுவை குறைவதும் கோடு வருவதும் இதனால்தான்.

தேய்மானத்தின் மூலகாரணம் ஏறக்குறைய எப்போதுமே ஆயில். தாமதமாக மாற்றிய ஆயிலில் உள்ள கரித்துகள் பின்னுக்கும் துளைக்கும் நடுவே அரைக்கிறது. அளவு குறைந்த ஆயிலில் டென்ஷனருக்குக் காற்று போகிறது. இந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் போடும் புதிய செயினும் அதே வழியில்தான் போகும்.

பழைய எஞ்சின் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஆயில் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். காப்பி நிற நுரை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கெட்டியான கறுப்புப் படிவு இருந்தால் ஆயில் மாற்றியதே இல்லை. அந்த எஞ்சினின் செயினும் கேம் பேரிங்கும் போயிருக்கும். கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, ஓடும் திசையில் இரண்டு சுற்று கையால் சுற்றுங்கள். ஓரிடத்தில் கட்டியாக நின்றால் வாங்காதீர்கள். பிளக் துளை வழியே கேமரா விட்டு போரின் சுவரில் நெடுக்குக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். பிளாக்கின் வார்ப்பு எண், ஹெட் எண், சென்சர்களின் இடம், கிராங்கின் பின்னால் உள்ள பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கை எல்லாம் உங்கள் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே லிட்டர் கொள்ளளவு என்பதால் மட்டும் பொருந்திவிடாது.

என்னென்ன புதிதாக வாங்க வேண்டும்?

முழு கேஸ்கட் செட், முன்னும் பின்னும் கிராங்க் சீல், மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங், த்ரஸ்ட் வாஷர், பிஸ்டன் ரிங் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கினால், அதாவது போர் போட்டால், பிஸ்டனும்), வால்வு ஸ்டெம் சீல், செயின் செட், ஆயில் பம்ப், உறிஞ்சு குழாயின் ஓ ரிங், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பிளாக்கின் தகட்டு மூடிகள், ஒருமுறை மட்டுமே பயன்படும் போல்ட்டுகள். பேரிங்கையும் ரிங்கையும் லேத் வேலை முடிந்து இறுதி அளவு தெரிந்த பிறகே வாங்குங்கள்.

பேரிங் உடைந்து துகள் ஓடிய எஞ்சின் என்றால் ஆயில் கூலரை மாற்றியே ஆக வேண்டும். அதன் நுண்ணிய குழாய்களுக்குள் போன உலோகத் துகளை எவ்வளவு கழுவினாலும் முழுதாக எடுக்க முடியாது. சூடேறிய பிறகு அது மெல்ல வெளியே வந்து புதிய பேரிங்கை அரைக்கும். பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்களில் இது முதலாவது.

பிரிக்கும்போது கவனிக்க வேண்டியவை?

மெயின் கேப், கனெக்டிங் ராடு கேப் (பேரிங்கை மூடிப் பிடிக்கும் மூடிகள்) இரண்டுக்கும் இடமும் திசையும் உண்டு. அவை பூட்டிய நிலையிலேயே போர் செய்யப்பட்டவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று போனால் துளை வட்டமாக இருக்காது. எண் இல்லையென்றால் கழற்றும் முன்பே குறியிடுங்கள். ராடையும் கேப்பையும் ஒரே துண்டாகச் செய்து பிறகு முறித்துப் பிரித்த வகை ராடுகளில், முறிவுப் பரப்பு அந்த ஜோடிக்கு மட்டுமே பொருந்தும். அந்தப் பரப்பில் பஞ்ச் அடிப்பதோ, கேப்பைத் தரையில் கவிழ்த்து வைப்பதோ கூடாது.

பிஸ்டனை மேலே தள்ளும் முன் போரின் உச்சியில் விளிம்பு ஏறியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கினால் முதலில் ரிட்ஜ் ரீமரால் அதை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிங் பள்ளம் உடையும். ராடு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும் வகையானால் அதன்மேல் ரப்பர் குழாய்த் துண்டு மாட்டுங்கள். போல்ட்டின் மரை கிராங்கில் ஒரு கீறல் போட்டால் போதும், கிரைண்டிங் செலவு வந்துவிடும்.

கழற்றிய பேரிங்குகளைத் துடைத்து வரிசையாக வையுங்கள். எஞ்சின் ஏன் போனது என்பதை அவைதான் சொல்லும். நடுவில் சீராகத் தேய்ந்தால் வயது. ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்தால் ராடு வளைவு. சுற்றுவட்டமாகக் கோடுகள் இருந்தால் ஆயிலில் அழுக்கு. செம்பு நிறம் தெரியும் அளவுக்கு வழித்திருந்தால் ஆயில் வராமல் ஓடியிருக்கிறது. கடைசி வகையைப் பார்த்தால் பம்ப், உறிஞ்சு வலை, ஆயில் வழி மூன்றையும் தேடிப் பார்த்து காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே அடுத்த வேலை.

போர் போட வேண்டுமா, ஹோன் (சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்குவது) மட்டும் போதுமா என்று எப்படித் தெரியும்?

அளந்தால்தான் தெரியும். டயல் போர் கேஜால் மேலே, நடுவில், கீழே என மூன்று உயரங்களில், கிராங்குக்கு இணையாக ஒரு முறையும் குறுக்காக ஒரு முறையும் அளந்து, ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவுகள் எழுதுங்கள். மேலும் கீழும் உள்ள வித்தியாசம் டேப்பர், இரு திசைகளின் வித்தியாசம் ஓவல். பல எஞ்சின்களில் இவை ஒவ்வொன்றுக்கும் வரம்பு 0.01 முதல் 0.03 மி.மீ.க்குள் இருக்கும். வரம்புக்குள் இருந்து, பிஸ்டன் இடைவெளியும் சரியென்றால் லேசான ஹோன் போதும். மீறினால் 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ். புதிய பிஸ்டனைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் லேத்தில் போர் போடச் சொல்ல வேண்டும். இறுதி அளவை அந்தந்த பிஸ்டனுக்கு ஏற்பத்தான் எடுக்க வேண்டும்.

ஹோன் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஏறக்குறைய 45 டிகிரியில் வெட்டிக்கொள்ள வேண்டும். அலுமினிய பிளாக்கில் இரும்பு லைனர் இல்லாமல் தனிப் பூச்சு இருந்தால் சாதாரண ஹோன் கல்லைத் தொடவே விடாதீர்கள்.

லேத்திலிருந்து வந்த பிளாக் சுத்தமாகத்தானே இருக்கிறது?

கண்ணுக்கு அப்படித் தெரியும். ஹோன் கல்லின் துகள் கோடுகளுக்குள் பதுங்கியிருக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் அதை எடுக்காது. எண்ணெயைக் கரைத்துத் துகளை அங்கேயே விட்டுவிடும். வெந்நீர், சோப்புத் தூள், கெட்டியான நைலான் பிரஷ் போட்டு ஒவ்வொரு போரையும் தேய்த்துக் கழுவுங்கள். ஆயில் வழிகளின் முனைப் பிளக்குகளைக் கழற்றி நீளமான பிரஷ் விட்டு இரு பக்கமும் இழுங்கள். காற்றடித்து உலர்த்திய கையோடு வெள்ளைத் துணியில் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் தொட்டு போரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே வரும்வரை இது தொடரட்டும். முடிந்தவுடன் ஆயில் பூசி மூடி வையுங்கள், சில மணி நேரத்திலேயே துரு பிடிக்கும்.

பழைய கேஸ்கட்டைச் சுரண்ட, சுழலும் உராய்வு டிஸ்க் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதைப் பிளாக், ஹெட் இரண்டிலும் தவிர்க்கச் சொல்கிறோம். அந்த டிஸ்கிலிருந்து உதிரும் தூள் மிகக் கடினமானது, ஆயிலோடு சேர்ந்து பேரிங்கை அரைத்துவிடும். அலுமினியத்தில் பள்ளமும் விழும். கேஸ்கட் ரிமூவர் தெளித்து பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள்.

கிராங்கையும் பேரிங்கையும் எப்படிச் சரிபார்ப்பது?

ஒவ்வொரு ஜர்னலையும் (கிராங்கில் பேரிங்குக்குள் சுற்றும் பகுதி) மைக்ரோமீட்டரால் இரண்டு திசைகளில் அளக்க வேண்டும். நகம் தடுக்கும் கீறல் இருந்தால் 0.25 மி.மீ. குறைத்து கிரைண்டிங், அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங். பேரிங் இடைவெளிக்கான கைக்கணக்கு ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 60 மி.மீ. ஜர்னலுக்கு 0.06 மி.மீ. இப்போதைய மெல்லிய ஆயில்களுக்கு இதைவிடக் குறைவாகவே கேட்பார்கள், பெரும்பாலும் 0.025 முதல் 0.05 மி.மீ.

பிளாஸ்டிகேஜ் என்னும் மெழுகு இழையால் இதைச் சரிபார்க்கலாம். ஜர்னலும் பேரிங்கும் ஆயில் இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். இழையை நீளவாக்கில் வைத்து, கேப்பை முழு டார்க்கில் இறுக்கி, கிராங்கைத் துளிகூட அசைக்காமல் கழற்றுங்கள். நசுங்கிய இழை அகலமானால் இடைவெளி குறைவு, ஒடுங்கியிருந்தால் இடைவெளி அதிகம்.

இறுதியாகப் பூட்டும்போது பேரிங்கின் முதுகும் அது உட்காரும் இடமும் உலர்ந்திருக்க வேண்டும்; கிராங்க் உரசும் முகத்தில் மட்டும் அசெம்பிளி லூப் (பூட்டும்போது தடவும் மசகு). முதுகில் ஒரு முடியிழை சிக்கினாலும் அந்த இடத்தில் பேரிங் மேடாகிவிடும். மேல் பேரிங்கில் உள்ள ஆயில் துளை பிளாக்கின் துளையோடு நேராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லா மெயின் கேப்பும் இறுகிய பிறகு கிராங்க் கையால் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். ஒரு கேப்பை இறுக்கியதும் பிடித்தால் அங்கேயே நிறுத்தி அதைக் கழற்றிப் பாருங்கள். முன்பின் ஆட்டம் பொதுவாக 0.05 முதல் 0.25 மி.மீ.க்குள்.

ரிங் கேப் (ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி) எவ்வளவு?

டர்போ இல்லாத சாதாரண ஓட்டத்துக்கு, மேல் ரிங்குக்கு போரின் விட்டத்தில் ஆயிரத்துக்கு நான்கு. 95 மி.மீ. போருக்கு 0.38 மி.மீ. இரண்டாவது ரிங்குக்கு இதைவிடச் சற்றுக் கூடுதல். ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டு 25 மி.மீ. ஆழத்துக்கு நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். ஒவ்வொரு ரிங்கும் அதனதன் சிலிண்டரில்தான். கேப் குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங்கோ, பிஸ்டனில் ரிங் பள்ளங்களுக்கு நடுவே உள்ள விளிம்போ உடையும், கொஞ்சம் அதிகமானால் அவ்வளவு கெடுதல் இல்லை. புள்ளிக் குறி உள்ள பக்கம் மேலே. ஆயில் ரிங்கின் நடு ஸ்பிரிங்கின் முனைகள் ஒன்றையொன்று முட்டி நிற்க வேண்டும், மேலேறி நின்றால் ஆயில் புகைக்கும்.

ஹெட்டில் என்ன வேலை?

நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்து நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டங்கள் பாருங்கள். பெரும்பாலான ஹெட்டுகளில் 0.05 மி.மீ.க்கு மேல் ஃபீலர் நுழைந்தால் பரப்பு எடுக்க வேண்டும். பல தகட்டு உலோக கேஸ்கட் என்றால் பரப்பு கண்ணாடிபோல மழமழப்பாக இருக்க வேண்டும் என்று லேத்தில் சொல்லுங்கள். மேல்கேம் ஹெட்டில் கீழ்ப்பரப்பைச் சீவினால் கேம் கிராங்குக்கு நெருங்கும். செயின் அந்த அளவு தளர்ந்து டைமிங்கும் கொஞ்சம் மாறும். அதனால் மேனுவலில் சொன்ன வரம்புக்கு மேல் எடுத்த ஹெட்டை வாங்கக் கூடாது. அலுமினிய ஹெட் ஒருமுறை சூடேறி நின்றிருந்தால் பிரஷர் டெஸ்ட் கட்டாயம். வால்வு கைடின் ஆட்டம், சீட் அகலம், ஸ்டெம் சீல் ஆகியவை லேத்துக்காரர் வழக்கமாகப் பார்ப்பவைதான். திரும்பி வந்ததும் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வால்வு வழியே கசிகிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

ஹெட் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தலாமா?

டார்க்குக்குப் பிறகு டிகிரி கணக்கில் திருப்பச் சொல்லும் போல்ட்டுகளைப் பெரும்பாலும் பயன்படுத்தக் கூடாது. அவை இழுபட்டு நீண்டுதான் அந்த இறுக்கத்தைக் கொடுக்கின்றன. பிளாக்கின் போல்ட் துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது பிளாக்கே விரிசல் விடும். காற்றடித்து வெளியேற்றி, துணியால் ஒற்றியெடுங்கள். மரையைச் சுத்தம் செய்ய வெட்டும் டேப் போடாமல் மரை துலக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். மரைக்கு ஆயில் போடச் சொன்னால் போடுங்கள், உலர்வாகச் சொன்னால் உலர்வாகவே. ஒரே டார்க் எண்ணில் இந்த இரண்டுக்கும் உண்மையான இறுக்கம் வெகுவாக மாறும். வரிசை நடுவிலிருந்து வெளிப்புறம், மேனுவல் படத்தின்படி.

செயின் செட்டில் செயினை மட்டும் மாற்றி மற்றதை விட்டுவிடலாமா?

கூடாது. தேய்ந்த ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல் வளைந்து புதிய செயினைச் சீக்கிரம் தேய்க்கும். கைடின் பிளாஸ்டிக் சூட்டில் மொறுமொறுப்பாகியிருக்கும். டென்ஷனரின் சீல் அல்லது பால் வால்வு கசிந்தால் செயின் எவ்வளவு புதிதானாலும் காலையில் சத்தம் கேட்கும். ஃபோர்டு எஃப்-150ல் வந்த 5.4 லிட்டர் மூன்று வால்வு எஞ்சின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் டென்ஷனரின் சீல் பிதுங்கி ஆயில் அழுத்தம் அங்கே கசிய, கேம் ஃபேசர்களும் (ஓடும்போதே கேம் டைமிங்கை மாற்றும் பாகங்கள்) கைடுகளும் சேர்ந்து போகும். செயின், ஸ்பிராக்கெட், கைடு, டென்ஷனர் எல்லாம் ஒரே செட்டாக, ஒரே நேரத்தில். வேரியபிள் டைமிங் இருந்தால் ஃபேசரையும் அதன் சாலினாய்டின் வடிகட்டி வலையையும் பாருங்கள்.

செயினைப் பொருத்தும் வரிசை என்ன?

பழைய செயினைக் கழற்றும் முன்பே எஞ்சினை ஓடும் திசையில் சுற்றி மேனுவல் சொல்லும் நிலைக்குக் கொண்டு வந்து, எல்லாக் குறிகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்த் திசையில் சுற்ற வேண்டாம். தளர்ந்த செயின் பல் தாண்டிவிடும். எல்லா எஞ்சினிலும் அந்த நிலை முதல் சிலிண்டரின் மேல்முனை என்று நினைக்கக் கூடாது. சிலவற்றில் எந்தப் பிஸ்டனும் உச்சியில் இல்லாதபடி கிராங்கை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள், கேம் திடீரென்று உதறித் திரும்பினாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காமல் இருக்க. செயின் இல்லாத நேரத்தில் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் கேம் தானாகவே உதறும். விரல் பத்திரம்.

கிராங்க் ஸ்பிராக்கெட், உள் செயின், கைடுகள், கேம் ஸ்பிராக்கெட், பிறகு வெளிச் செயின் என்று போகும். வண்ணம் பூசிய லிங்குகள் ஸ்பிராக்கெட்டில் உள்ள குறிகளோடு சேர வேண்டும். கிராங்குக்கும் கேமுக்கும் நடுவே இறுக்கமான பக்கத்தில் தொய்வே இருக்கக் கூடாது. தொய்வு முழுதும் டென்ஷனர் பக்கத்துக்குப் போக வேண்டும். டென்ஷனர் பின் போட்டு அமுக்கிய நிலையில் வரும். அதைப் பூட்டி, கைடு போல்ட்டுகளை இறுக்கிய பிறகே பின்னை உருவ வேண்டும். 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் இருக்கும், பழக்கத்தில் கூடுதலாக இறுக்கினால் அலுமினிய மரை கையோடு வந்துவிடும். உருவிய பின்களை எண்ணி மேசையில் வையுங்கள். ஒன்று குறைந்தால் அது உள்ளே டென்ஷனரிலேயே இருக்கிறது.

பிறகு நீளக் கைப்பிடியால் கிராங்கை மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பிளக்குகள் கழற்றியே இருக்கட்டும். கம்ப்ரஷன் இல்லாத நிலையில் உலோகம் உலோகத்தில் முட்டுவதுபோல் நின்றால், அழுத்தாமல் அங்கேயே நிறுத்திக் குறிகளைப் பாருங்கள். வால்வு பிஸ்டனில் முட்டுகிறது.

சுற்றிப் பார்த்த பிறகு வண்ண லிங்குகள் குறியோடு சேரவில்லையே?

சேராது, அது சரிதான். செயினின் லிங்க் எண்ணிக்கையும் ஸ்பிராக்கெட்டின் பற்களும் வெவ்வேறு என்பதால் வண்ண லிங்குகள் மறுபடி அதே இடத்துக்கு வர கிராங்கைப் பல சுற்று சுற்ற வேண்டும். அவை பொருத்தும் நேரத்துக்கு மட்டும்தான். இரண்டு சுற்றுக்குப் பிறகு பார்க்க வேண்டியது கிராங்க், கேம் ஸ்பிராக்கெட்டுகளில் செதுக்கிய குறிகளை. சந்தேகம் இருந்தால் குறிகளுக்கு இடையே உள்ள லிங்குகளை எண்ணிப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

கிராங்க் ஸ்பிராக்கெட்டில் சாவியே (ஸ்பிராக்கெட் நழுவாமல் நிறுத்தும் சிறு உலோகக் கட்டை) காணோம், தவறிவிட்டதா?

சில எஞ்சின்களில் கிராங்கிலோ கேமிலோ ஸ்பிராக்கெட்டுக்குச் சாவி கிடையாது. போல்ட்டின் இறுக்கத்தில் உராய்வால் மட்டுமே நிற்கும். அந்த போல்ட்டைத் தளர்த்திய நொடியே டைமிங் போய்விடும். ஃபோர்டின் 4.0 லிட்டர் மேல்கேம் வி6 அப்படிப்பட்டது, கேம் ஸ்பிராக்கெட்டுகள் சாவி இல்லாதவை. கேமையும் கிராங்கையும் பூட்டிப் பிடிக்கும் தனிக் கருவி இல்லாமல் அந்த எஞ்சினைத் தொட வேண்டாம். வெள்ளைப் பெயின்ட் குறி அங்கே போதாது.

எஞ்சினை இறக்காமல் செயின் மாற்ற முடியுமா?

எல்லாச் செயினும் முன்பக்கம் இருந்தால் முடியும். ரேடியேட்டர், ஃபேன், புல்லி, முன் கவர் கழற்றினால் போதும். பல வண்டிகளில் கவருக்காக ஆயில் சம்பையும் தளர்த்த வேண்டும். மேலே சொன்ன அதே 4.0 வி6ல் ஒரு பக்கத்துக் கேமின் செயின் எஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதற்கு எஞ்சினை அல்லது கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். இறக்கிய பிறகு பின் கிராங்க் சீலை மாற்றாமல் ஏற்றாதீர்கள்.

முன் கவரில் மறுபடி ஆயில் கசிகிறது, ஏன்?

ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடம், பிளாக்கும் சம்பும் சேரும் மூலை: கசிவு பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வரும். அங்கே மட்டும் சிலிக்கான் சீலன்ட் பொட்டு வைக்க வேண்டும். பரப்பைக் கிளீனர் போட்டுத் துடைத்து உலர்த்திய பிறகு வைத்து, மேல்தோல் கட்டும் முன், அதாவது சில நிமிடங்களுக்குள் கவரைப் பூட்டுங்கள். அதிகமாக வைத்தால் பிதுங்கிய சீலன்ட் உள்ளே உதிர்ந்து உறிஞ்சு வலையை அடைக்கும். ஆயில் ஊற்றும் முன் சீலன்ட் டப்பாவில் சொன்ன நேரம் காய விடுங்கள்.

முதல் ஸ்டார்ட் எப்படி?

ஆயில் பம்பின் கியர்களில் பூட்டும்போதே ஆயில் விட்டிருக்க வேண்டும். உலர்ந்த பம்ப் உறிஞ்சாது. ஃபில்டரிலும் ஆயில் நிரப்புங்கள். பிளக்குகள் கழற்றி, ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்து, 10 நொடி கிராங்க், ஒரு நிமிடம் ஓய்வு என்று கேஜில் பிரஷர் தெரியும்வரை செய்யுங்கள். பிரஷர் ஏறவே இல்லையென்றால் உறிஞ்சு குழாயின் ஓ ரிங்கைப் பாருங்கள். மாட்டும்போது அது வெட்டுப்பட்டால் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும்.

பிரஷர் வந்த பிறகு பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். செயின் சத்தம் சில நொடி இருக்கும், டென்ஷனர் நிரம்பியதும் அடங்கும். 10 நொடிக்கு மேல் நீடித்தாலோ ஆயில் விளக்கு அணையாவிட்டாலோ உடனே நிறுத்துங்கள்.

ரன்னிங் இன் காலத்தில் மெதுவாகத்தானே ஓட்ட வேண்டும்?

நீண்ட ஐட்லிங்தான் புதிய ரிங்குக்குக் கெடுதல். சிலிண்டர் அழுத்தம்தான் ரிங்கைச் சுவரில் அழுத்தி உட்கார வைக்கிறது. கூலன்ட் சூடானதும் கசிவு பார்த்துவிட்டு சாலைக்குக் கொண்டு போங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 80 வரை பாதி த்ராட்டிலில் ஏற்றி, காலை எடுத்து கியரிலேயே வேகம் இறங்க விடுங்கள். இதைப் பத்துப் பதினைந்து தடவை செய்ய வேண்டும். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டுவதும் பாரம் இழுப்பதும் முதல் 800 கிலோமீட்டருக்கு வேண்டாம். 2000 ஆர்.பி.எம்.மில் 20 நிமிடம் வைக்கச் சொல்வது, ரோலர் இல்லாத தட்டை டேப்பட் கேம் உள்ள பழைய எஞ்சின்களுக்கான முறை. ரோலர் ஃபாலோயர் உள்ள மேல்கேம் எஞ்சினுக்கு அது தேவையில்லை.

ஆயிலை முதலில் எப்போது மாற்ற வேண்டும்?

முதல் ஓட்டம் முடிந்தவுடன், அதாவது 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஆயிலும் ஃபில்டரும். அடுத்து 800 கிலோமீட்டரில். அதன்பின் 5000க்கு ஒருமுறை, செயின் நீடிக்க வேண்டும் என்றால் அதற்கு மேல் தள்ளாதீர்கள்.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் வெட்டிப் பாருங்கள். ஆக்ஸா பிளேடால் அறுத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து குழப்பும், ஃபில்டர் கட்டர் அல்லது தகடு வெட்டும் கத்தரி நல்லது. மடிப்புத் தாளை விரித்துப் பிழிந்து வெளிச்சத்தில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மெல்லிய சாம்பல் பசை முதல் மாற்றத்தில் சகஜம், புதிய ரிங்கும் போரும் உரசி உட்காருவது. காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுக்கு அலுமினியம். பிஸ்டனோ கேம் பேரிங்கோ, பேரிங் மேல்படலமோ. செம்பு நிறச் செதில் தெரிந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம். ஆயில் சம்பை இறக்கி, பிக் எண்ட் கேப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பேரிங்கைப் பாருங்கள்; இந்தக் கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலும் கிராங்க் தப்பிக்கும்.